நீர்வண்ண நுட்ப நூலைச் சேலத்திலும் ஏற்காட்டிலும் படிப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீர்வண்ண ஓவிய நுட்பங்களை அகரவரிசையில் விளக்கும் ஆங்கிலக் கையேடு ஒன்று உங்களிடம் இருக்கிறது. சேலத்தில் உங்கள் வீட்டு மாடியறையில் அமர்ந்து, அதில் சொல்லியிருக்கும் படிகளை ஒன்று விடாமல் பின்பற்றுகிறீர்கள். ஆனாலும் வானத்துக்குப் போடும் வாஷ், அதாவது தண்ணீர் கூட்டிப் பரப்பும் வண்ணப் பூச்சு, பட்டை பட்டையாகக் காய்ந்துபோகிறது. ஏற்காட்டுக்குப் போய் வரைந்தாலோ எதுவும் காயாமல் வண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடுகின்றன. கோளாறு கையிலா, தாளிலா, நூலிலா என்றும், ஆசிரியர் இல்லாமல் நூலை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கற்க முடியுமா என்றும் கேட்கிறீர்கள்.

முடியும் என்பதுதான் என் பதில். உங்கள் கையில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. நூலிலும் பிழை இல்லை. அத்தகைய நூல்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ, வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும் அறைகளில் வரைந்து பார்த்து எழுதப்பட்டவை. "ஐந்து நிமிடம் காத்திருந்து அடுத்த வண்ணத்தை வையுங்கள்" என்று அவற்றில் எழுதியிருந்தால், அந்த ஐந்து நிமிடம் அந்த அறைக்குரியது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுகிறது. மேலே மின்விசிறியும் ஓடுகிறது என்றால் அதற்குள் தாள் சுக்காய்க் காய்ந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், மூடுபனி இறங்கிய காலை வேளையில், அதே தாள் அரை மணி நேரம் கழித்தும் ஈரமாகவே இருக்கும். ஆகவே நூலிலிருந்து செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள்; நிமிடக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரத்தைத் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குக் கண்ணைப் பழக்கிவிட்டால் உங்கள் நூலின் பாதிப் பக்கங்கள் தாமாகவே புரியத் தொடங்கும்.

தாளைப் பார்ப்பது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நனைத்த தாளைச் சன்னலுக்கு எதிரே, வெளிச்சம் அதன்மேல் சாய்வாக விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும்போது சன்னல் கம்பிகள்கூட அதில் தெளிவாகத் தெரியும். அந்த நிலையில் வைக்கும் வண்ணம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேக்கம் உள்ளிறங்கி, தாளின் மேடுபள்ளம் தெரியத் தொடங்கி, பளபளப்பு மட்டும் மாறாமல் இருக்கும்போது வைத்த வண்ணம் நாற்புறமும் பரவி விளிம்பில்லாமல் கரையும். மேகத்துக்கும் மூடுபனிக்கும் உரிய நேரம் அதுதான். பளபளப்பு மங்கி, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய மினுமினுப்பாகக் குறைந்துவிட்டால், வண்ணம் சிறிதளவே பரவி, வைத்த உருவத்தை விட்டுவிடாமல் மென்மையான விளிம்போடு நின்றுகொள்ளும். தொலைவிலுள்ள மரங்களை இந்த நிலையில்தான் வைக்க வேண்டும். அந்த மினுமினுப்பும் போய், பார்வைக்குக் காய்ந்ததுபோல் தோன்றி, புறங்கையை வைத்தால் மட்டும் குளிர்ச்சி தட்டுகிற நிலைதான் ஆபத்தானது. அப்போது ஈரத் தூரிகையால் தொட்டால், புதிய தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஓவியர்கள் காலிஃபிளவர் என்று சொல்லும் பிசிறு விளிம்புக் கறையை உண்டாக்கிவிடும். புறங்கையில் குளிர்ச்சி தெரியாத பிறகே அடுத்த அடுக்குக்குப் போகலாம்.

இதோடு சேர்த்துப் பழக வேண்டிய விதி ஒன்று உண்டு: ஈரத்தாளில் வண்ணம் வைக்கும்போது தூரிகையில் இருக்கும் தண்ணீர் தாளில் இருக்கும் தண்ணீரைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தாள் காயக் காயக் கலவையும் கெட்டியாகிக்கொண்டே போக வேண்டும். முதல் வாஷுக்குக் கலவை பால் கலக்காத தேநீரைப்போல் ஓடலாம், நடுவில் வைப்பதற்குப் பாலின் பதம் சரியாக இருக்கும், கடைசியில் வைக்கும் கருமைக்குத் தயிரின் பதம் வேண்டும். ஈரத்தாளில் ஈர வண்ணம் வைக்கும் வெட் ஆன் வெட் என்ற தலைப்பின்கீழ் உங்கள் நூல் பல படங்களில் காட்டியிருப்பதன் சாரம் இந்தத் தண்ணீர்க் கணக்குதான்.

இப்போது உங்களைத் தொல்லைப்படுத்தும் ஃபிளாட் வாஷுக்கு, அதாவது ஒரே சீரான நிறத்தில் போடும் வாஷுக்கு, வருகிறேன். பலகையின் மேல் விளிம்புக்கு அடியில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்தால் போதிய சாய்வு கிடைக்கும். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வாஷ் போடும் சில நிமிடங்களுக்குப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தேவை என்று தோன்றும் அளவைப்போல் இரண்டு மடங்கு கலவையைப் பேலட்டில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கும் அந்தச் சிறு இடைவெளியிலேயே மேல் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. தூரிகை பெரியதாக, 12ஆம் எண் உருண்டைப் பிரஷாகவோ ஓர் அங்குலத் தட்டைப் பிரஷாகவோ இருக்கட்டும். தூரிகையை முழுக்க நனைத்து, தாளின் மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் இழுங்கள். இழுத்த பட்டையின் கீழ் விளிம்பில் கலவை திரண்டு, உருண்ட நீர்க்கோடாகத் தொங்கி நிற்கும். அடுத்த இழுப்பு அந்த நீர்க்கோட்டைத் தொட்டு, அதைக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். அது உயிரோடு இருக்கும்வரை வாஷில் பட்டை விழாது. சேலத்து வெயிலில் அது இரண்டு இழுப்புக்கு இடையிலேயே தாளுக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. உங்கள் வானத்தில் பட்டைகள் விழும் காரணம் இதுதான். கடைசிப் பட்டைக்கு வந்ததும், பிழிந்த தூரிகையின் நுனியால் மிஞ்சிய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பலகையைச் சாய்வு மாறாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திருத்தப் போனால் வாஷ் கெடும்.

இவ்வளவு செய்தும் பட்டை விழுந்தால், வண்ணம் வைப்பதற்கு முன் தாளின் இரு பக்கங்களையும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, அக்ரிலிக் பலகையின்மேல் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டவைத்து, மேலே தேங்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பின்பக்கத்து ஈரம் முன்பக்கத்தை நெடுநேரம் காயவிடாது. கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பாக வாஷ்களை முடித்துவிடுவது இன்னும் நல்லது. தண்ணீரையும் கவனியுங்கள்: உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் அல்ட்ராமரின் நீலம் போன்ற வண்ணங்களின் துகள்கள் கூடுதலாகத் திரண்டு, வாஷ் மணல் மணலாகக் காயும். காவிரிக் குடிநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்தினால் இது குறையும். பாறைக்கும் பழைய சுவருக்கும் அந்த மணல்தன்மை அழகு சேர்க்கும் என்பதால் அதை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

உங்கள் கேள்வியில் நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கும் ஒன்றை நான் பெரிய வாய்ப்பாகவே பார்க்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வேறொரு தட்பவெப்பம் கிடைக்கும் ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள். நூலின் அத்தியாயங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்த மெல்லிய, ஒளி ஊடுருவும் அடுக்கு வர வேண்டிய கிளேசிங், உலர்ந்த தூரிகையைத் தாளின் மேடுகளில் மட்டும் உரசவிடும் டிரை பிரஷ், காய்ந்த தாளில் ஈர வண்ணம் வைத்துக் கூர்மையான விளிம்பு கேட்கும் வெட் ஆன் டிரை ஆகியவற்றைச் சேலத்தில் செய்யுங்கள். குளிர்ந்த நாட்டில் நாள் முழுவதும் காத்திருந்து போடும் நான்கைந்து மெல்லிய அடுக்குகளை இங்கே ஒரு முற்பகலில் போட்டு முடித்துவிடலாம். வெட் ஆன் வெட்டையும், மென்மையான விளிம்புகளையும், வண்ணத்தைத் தாளிலேயே கலக்கவிடும் பயிற்சிகளையும் ஏற்காட்டுக்கு ஒதுக்குங்கள். நான் மேலே சொன்ன அந்த மினுமினுப்பு நிலை சேலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். மலைமேல் அது நின்று நிதானமாகப் போகும், எனவே கற்றுக்கொள்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஏரிக்கரையில் மூடுபனி இருக்கும் ஒரு காலையில் இதைச் செய்து பாருங்கள். எதிரே சில்வர் ஓக் மரங்கள் மூன்று தொலைவுகளில் தெரியும்படி இடம் பார்த்து அமருங்கள். தாள் முழுவதையும் நனைத்து, அல்ட்ராமரினில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சிறிது கலந்த வெளிறிய சாம்பல் நிறத்தைப் பரப்புங்கள். பளபளப்பு இருக்கும்போதே, அதே கலவையைச் சற்றுக் கெட்டியாக்கி, மிகத் தொலைவிலிருக்கும் மரங்களை வையுங்கள். அவை ஏறக்குறையக் கரைந்துபோகும், போகட்டும். பளபளப்பு மங்கியதும் இரண்டாவது வரிசை. இதில் மரத்தின் நெடிய உருவம் தெரியும், இலை தெரியாது. அதன் பிறகு எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். முன்னால் இருக்கும் மரத்தையும், அதன் தண்டில் படர்ந்த மிளகுக் கொடியையும், அடியிலிருக்கும் காப்பிச் செடிகளையும் அங்கேயே முடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பென்சிலால் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து காய்ந்த தாளில் வைக்கலாம். 1792ஆம் ஆண்டில் பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்தச் சேலம், கிருஷ்ணகிரிப் பகுதியின் மலைக்கோட்டைகளை வரைந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும்கூட இடத்திலேயே பென்சில் கோடுகளையும் மெல்லிய வாஷ்களையும் மட்டும் போட்டுக்கொண்டு போய், பிற்பாடு அவற்றைக் கொண்டுதான் அச்சுப் படங்களை உருவாக்கினார்கள். வெளியில் அமர்ந்து எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற எண்ணம்தான் உங்கள் ஏற்காட்டுப் படங்களைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு சிறிய பலகைகளைக் கொண்டுபோனால், ஒன்று காயும் நேரத்தில் மற்றொன்றில் வேலை செய்யலாம்.

அகரவரிசை நூலை அகரவரிசையில் கற்கக் கூடாது. தேடி எடுப்பதற்காகத்தான் அந்த வரிசை. ஃபிளாட் வாஷ், மேலிருந்து கீழே வெளிறிக்கொண்டு போகும் கிரேடட் வாஷ், ஒரே உருவத்தில் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் போகும் விளிம்பு, வெட் ஆன் வெட், டிரை பிரஷ், காய்ந்த வண்ணத்தை ஈரத் தூரிகையால் எடுக்கும் லிஃப்டிங், பின்னணியைத் தீட்டி உருவத்தை வெள்ளையாக விட்டுவைக்கும் முறை ஆகியவற்றை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை பிறகு வரட்டும். உப்பு தூவுவது, பிளாஸ்டிக் தாளைக் கசக்கி வைப்பது, மெழுகு தேய்ப்பது போன்றவை பார்த்தவுடன் மயக்கும். ஆனால் வாஷ் கைவராதவருக்கு அவற்றால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கப் பூசும் மாஸ்கிங் ஃபுளூயிட் என்ற ரப்பர் திரவத்துக்கு மட்டும் தனி எச்சரிக்கை தேவை. அதைப் பூசிய தாளை வெயிலில் வைத்தாலோ, ஹேர் டிரையரால் சூடாக்கினாலோ, நாள்கணக்கில் விட்டுவைத்தாலோ, உரிக்கும்போது தாளின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். சேலத்துக் கோடையில் பூசிய அன்றே எடுத்துவிடுங்கள்.

வண்ணங்களைப் பொறுத்தவரை, நூலில் உள்ள பெயர்களைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு நிறமிகளை விற்கின்றன. சாப் கிரீன் என்ற பெயருக்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறமிக் கலவைதான் இருக்கும். டியூபின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிபி 29 என்றால் அல்ட்ராமரின், பிபி 15 என்றால் தாலோ புளூ, பிவை 43 என்றால் யெல்லோ ஆக்கர். பிஆர் 83 என்ற குறியீடு உள்ள அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்; அதற்குப் பதிலாகப் பிவி 19 குறியீடுள்ள குவினாக்ரிடோன் ரோஸை வாங்குங்கள். இவற்றோடு பர்ன்ட் சியன்னாவும், எலுமிச்சை மஞ்சளும், சற்றுச் சிவந்த மஞ்சளும் இருந்தால் நூலின் எந்தப் பயிற்சியையும் செய்யலாம். அச்சில் தெரியும் நிறத்தையும் நம்ப வேண்டாம்: நான்கு மைகளால் அச்சிடும் முறையில் அல்ட்ராமரினின் ஒளியும் அதன் துகள்தன்மையும் வராது. போதாக்குறைக்கு நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும். ஆகவே உங்கள் தாளில் முதலில் நீரில் கரையாத கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, அதன் குறுக்கே உங்களிடம் உள்ள வண்ணங்களைப் பட்டைகளாகத் தீட்டி வையுங்கள். கோட்டை மறைக்கும் வண்ணம் கிளேசிங்குக்கு ஆகாது. அதே பட்டையின் பாதியை வெட்டி மேற்குச் சன்னலில் ஒட்டிவிட்டு, மற்றப் பாதியை நூலுக்குள் வைத்துச் சில மாதங்கள் கழித்து ஒப்பிட்டால் எது வெளுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பள்ளி மாணவர்களுக்கான டிராயிங் ஷீட்டில் நூலில் காட்டிய எதுவும் வராது. மரக்கூழால் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில்கூட மூன்றாவது அடுக்குப் போடும்போது கீழடுக்கு கலைந்துவிடும். நூறு சதவீதப் பருத்தியில் செய்த, மிதமான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ்டு வகையைச் சேர்ந்த 300 ஜிஎஸ்எம் தாளில் 56க்கு 76 சென்டிமீட்டர் முழு ஷீட் ஒன்றை வாங்கி, எட்டாக வெட்டினால் 28க்கு 19 அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். இரு பக்கமும் பயன்படுத்தலாம். மலைமேல் வீடு இருப்பவர்களுக்கும், அங்கே நாள்கணக்கில் தங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஈரக்காற்றில் தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு கெட்டுவிடும். அப்படிப்பட்ட தாளில் வைத்த வண்ணம் மை உறிஞ்சும் தாளில் வைத்ததுபோல் புள்ளி புள்ளியாக உள்ளிறங்கிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத உறையில் வையுங்கள். வண்ணக் கட்டிகளை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

நூலில் உள்ள மாதிரிக் காட்சிகளைப் பார்த்து வரைவதை எவ்வளவு சீக்கிரம் விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. அந்தக் காட்சிகளில் நிழல்கள் நீண்டு கிடக்கும், பசுமை மஞ்சள் கலந்து மென்மையாக இருக்கும். சேலம் ஏறத்தாழ 11.6 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் மரத்தின் அடியிலேயே சுருண்டுகொள்ளும். காப்பி இலையின் கரும்பச்சையைத் தாலோ கிரீனில் பர்ன்ட் சியன்னா கலந்து பெறலாம், ஆனால் அதன் மேற்பரப்பின் மினுக்கு பச்சை நிறமே அன்று. வானத்தைப் பிரதிபலிக்கும் வெளிறிய நீலச் சாம்பல் அது, அந்த இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். மலையடிவாரத்து மாக்னசைட் சுரங்கங்களின் வெள்ளை மேடுகளைப்போல், தாளின் வெள்ளையை விட்டுவைக்கக் கற்றுத்தரும் காட்சி வேறு கிடைக்காது. நிழலை மட்டும் தீட்டுங்கள், வெயில் தானாகத் தெரியும். டிரை பிரஷுக்கு, ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் கருநீலச் சார்னோகைட் பாறைகள் இருக்கின்றன.

ஆசிரியர் தேவையா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். எதை எப்படிச் செய்வது என்பதை நூல் நன்றாகவே சொல்லித்தரும். கையின் வேகத்தை அதால் காட்ட முடியாது. வாஷ் எவ்வளவு விரைவாக இழுக்கப்படுகிறது என்பதைக் காண, யாராவது வரைவதை நேரிலோ காணொளியிலோ ஓரிரு முறை பார்த்துவிடுங்கள். உங்கள் படத்தில் எது பிசகியது என்பதையும் நூல் சொல்லாது. அதற்காக ஒவ்வொரு பயிற்சித் தாளின் பின்புறத்திலும் ஊர், மாதம், நேரம், மின்விசிறி ஓடியதா இல்லையா, எந்தத் தண்ணீர், தாளின் எந்த நிலையில் வண்ணம் வைத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். பிசகிய தாள்களைக் கிழித்துப் போடாமல், நூலில் அந்த நுட்பம் வரும் பக்கத்திலேயே செருகி வையுங்கள். நூலின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நிமிடங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு, சேலத்துக்கு ஒன்றும் ஏற்காட்டுக்கு ஒன்றுமாக உங்கள் கணக்கை எழுதுங்கள். அந்த ஓரக்குறிப்புகள் முக்கால்வாசிப் பக்கங்களில் நிரம்பும்வரை இரண்டாவது நுட்ப நூல் எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பருத்தித் தாள் வாங்குங்கள்.